ஹோஸ் போன வழி

ஜூன் 12, திங்கள்

இந்த டைரி ஹோஸ் கம்பெனிக்காரர்கள் பொங்கலுக்குக் கொடுத்தது. வருடா வருடம் கொடுப்பார்கள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளின் நம்பரையும், அவற்றுக்கு வேண்டிய ஹைட்ராலிக் ஹோஸ் குழாயின் நீளத்தையும் தவிர நான் இதில் வேறு எதையும் எழுதியதில்லை. திருச்செங்கோட்டில் பதினேழு வருடமாக அதுதான் என் தொழில். இன்றைக்கு எழுத அளவு எதுவும் இல்லை.

தீபனின் பைக் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்துவிட்டது. குட்டியானை லாரியில் ஏற்றி வந்து இறக்கினார்கள். முன்சக்கரம் ஒருபக்கமாகத் திரும்பி இறுகிவிட்டதால் உருட்ட முடியவில்லை. நாலு பேர் தூக்கித்தான் தகரக் கொட்டகைக்குள் வைத்தோம்.

அவன் போய் இன்றோடு இருபத்து மூன்றாம் நாள்.

தீபன் என் மனைவி வசந்தாமணியின் தம்பி. எங்கள் கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் மாமியார் இறந்தபோது, பள்ளிக்கூடப் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். அப்போது பதினொரு வயது. எங்களுக்குக் குழந்தை இல்லை. யாராவது அதைக் கேட்டால் வசந்தாமணி, "ஏன், தீபன் இருக்கறானே" என்பாள்.

வண்டியைப் பார்த்து அவள் அழவில்லை. கொட்டகை வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்:

"ஏனுங்க, அவன் வச்சிருந்த மாதிரியே பண்ணிக் குடுங்க."

"விக்கறதுக்கா?"

"விக்கறதுக்கில்லீங்க. ஓடணும். என்ற தம்பி வண்டி இப்பிடி ஒடஞ்சு கெடக்கறத என்னால பாக்க முடியாது. அந்தப் பட்டறை அங்கமுத்து கை மட்டும் இதுல படக்கூடாது. நீங்களே பண்ணுங்க."

சரி என்றேன்.

ஜூன் 13, செவ்வாய்

கடையில் வேலை இருந்தது. ஆறு ஹோஸுக்கு முனை அழுத்திக் கொடுத்தேன். கொட்டகைப் பக்கம் போகவில்லை.

ஜூன் 15, வியாழன்

ஹேண்டில்பாரைக் கழற்றி நிமிர்த்தக் கொடுத்தேன். உடைந்த இண்டிகேட்டர் இரண்டையும் மாற்றினேன். சைலன்சரில் கீறல் இருக்கிறது, அது இருக்கட்டும்.

நடந்ததை ஒருமுறை எழுதி வைத்துவிடுகிறேன். தீபன் செல்போன் டவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தான். நாமக்கல்லில் ரூம். மே 21, ஞாயிற்றுக்கிழமை. கொல்லிமலையில் ஒரு டவரில் பேட்டரி மாற்றிவிட்டு இறங்கியிருக்கிறான். பின்னால் வந்த ஜீப்காரர் சொன்னது: ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் அவன் முன் பிரேக்கை அழுத்தி அழுத்தி விட்டான், வண்டி நிற்கவில்லை, சுவரில் மோதிப் பள்ளத்தில் விழுந்தான். போலீசார் வேகம் என்று எழுதிக்கொண்டார்கள். வசந்தாமணி அதை நம்பவில்லை. "அவன் வேகமாப் போறவனே இல்லீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

அதற்கு முந்தின நாள்தான் வண்டி அங்கமுத்து பட்டறையில் சர்வீசுக்கு நின்றது. பின் பிரேக் மாற்றி, ஆயில் ஊற்றி, செயின் இறுக்கிக் கொடுத்திருக்கிறார். சாயங்காலம் தீபன் அதை எடுத்துக்கொண்டு நேராக நாமக்கல் போய்விட்டான். கடைசியாக வண்டியைத் தொட்டவர் அவர்தான் என்று வசந்தாமணிக்கு மனதில் பதிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் நேராக அவர் பட்டறைக்கு நடந்தாள். இரண்டு கையாலும் மண்ணை வாரி, "என்ற தம்பியக் கொன்னவனே, நீ நல்லா இருப்பியா" என்று பட்டறைக்குள் வீசினாள். தெருவே நின்று பார்த்தது. அங்கமுத்து ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

ஜூன் 17, சனி

டேங்க்கின் ஒடுக்கு எடுத்து வந்தாயிற்று. சீட்டுக்குப் புது உறை. சாயங்காலம் வசந்தாமணி பழைய துண்டை நனைத்து வண்டி முழுவதையும் துடைத்தாள். சக்கரக் கம்பி ஒவ்வொன்றாக. அவன் சின்ன வயதில் குளிக்க ஓடுவான்; பிடித்து இழுத்து வந்து காதுக்குப் பின்னால் தேய்ப்பாள். அதே கைதான்.

"ஏனுங்க, எல்லாம் பண்றீங்க. முன்சக்கரத்துப் பக்கமே போக மாட்டீங்கறீங்க?"

"பொறு. பார்ட்ஸ் வரோணும்."

பார்ட்ஸ் புதன்கிழமையே வந்துவிட்டது.

ஜூன் 18, ஞாயிறு

முன்பக்கத்தைக் கழற்றினேன்.

அதில் இருந்த பிரேக் ஹோஸ் நான் செய்தது. மார்ச் மாதம் போட்டேன். கம்பெனியில் வரும் ரப்பர் ஹோஸ் சூட்டில் ஊதிக்கொடுக்கும், பிரேக் மெத்தென்று இருக்கும். மலை ஏறி இறங்குகிறவனுக்கு அது போதாது என்று, மேலே எஃகுக் கம்பி பின்னிய ஹோஸை வாங்கி, நானே அளவெடுத்து, நானே இரண்டு முனையும் அழுத்தி மாட்டிக் கொடுத்தேன். போட்ட அன்று ஒரு ரவுண்டு போய் வந்து, "மச்சான், ஒத்த வெரல்ல நிக்குதுங்க" என்றான்.

ஹோஸ் நடுவில், டயரைப் பார்த்த பக்கம் பின்னல் தேய்ந்து பிய்ந்திருக்கிறது. உள்ளே ஒரு பொத்தல். டயரின் ஓரத்தில் சுற்றிலும் பளபளவென்று ஒரு கோடு.

விழுந்தபோது உரசியிருக்கும்.

ஜூன் 19, திங்கள்

விழும்போது ஒரு இடத்தில்தான் உரசும். சுற்றிலும் கோடு விழாது.

ஜூன் 20, செவ்வாய்

கடைக்குப் போகவில்லை. வசந்தாமணி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், அதே நீளத்துக்கு ஒரு துண்டு ஹோஸ் வெட்டி, மார்ச்சில் கட்டியது போலவே பிளாஸ்டிக் டையால், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் கட்டினேன். சாக்குக் கயிற்றால் ஃபோர்க்கைக் கீழே இறக்கிப் பார்த்தேன். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறுவது போல.

மேலே இருக்கும்போது ஹோஸுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல் போகிறது. ஃபோர்க் இறங்க இறங்க ஹோஸ் வில்லாக வளைந்து உள்ளே வருகிறது. முழுக்க இறங்கினால் இடைவெளி எதுவும் இல்லை.

ரிக் லாரியில் ஹோஸ் எப்போதும் நாலு சென்டிமீட்டர் நீளமாகவே விடுவோம். இழுத்துப் பிடித்தால் முனையில் பிடுங்கிக்கொள்ளும் என்று. நானும் அப்படியே விட்டிருக்கிறேன். ரிக்கில் அந்த நாலு சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் சுற்றுகிற சக்கரம் இருக்காது.

வண்டிக் கம்பெனிக்காரன் ஃபோர்க்கில் ஒரு கிளிப் வைத்திருப்பான். ஹோஸை உள்ளே வரவிடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். இந்த வண்டியில் அது இல்லை. விபத்தில் எங்கேயாவது தெறித்துப் போயிருக்கும்.

ஜூன் 21, புதன்

கிளிப் கடை மேசை டிராயரில் இருந்தது. பழைய ரப்பர் ஹோஸோடு சுற்றி நானேதான் வைத்திருக்கிறேன். புது ஹோஸ் தடிமனாக இருந்ததால் கிளிப்பில் உட்காரவில்லை. பெரிய கிளிப் வாங்க அன்றைக்குச் சோம்பலாக இருந்தது. டை போதும் என்று நினைத்தேன்.

ஜூன் 23, வெள்ளி

காலையில் மார்க்கெட்டில் வசந்தாமணிக்கு எதிரே அங்கமுத்துவின் மனைவி வந்திருக்கிறார். இவளைப் பார்த்ததும் தக்காளியைக் கூடையிலேயே போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாராம். வசந்தாமணி சாப்பாடு போடும்போது சொன்னாள்.

"இப்பெல்லாம் அந்தாளு கடைக்கு ஒருத்தரும் வண்டி விடறதில்லையாம். வாரத்துல பாதி நாள் பூட்டித்தான் கெடக்குதாம். வேணும்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"குழம்பு ஊத்தட்டுங்களா?"

"ஊத்து."

ஜூன் 25, ஞாயிறு

இந்த முறை நானே செய்யவில்லை. இந்த வண்டிக்கென்றே அளவெடுத்து வரும் பின்னல் ஹோஸையும் அதற்குரிய கிளிப்பையும் சேலத்திலிருந்து வரவழைத்தேன். ஹேண்டிலில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து இறக்கி, ஹெட்லைட்டுக்குப் பின்னால் உள்ள வளையத்துக்குள் விட்டு, ஃபோர்க்கின் வெளிப்பக்கமாகக் கொண்டுவந்து, கிளிப்பில் உட்கார வைத்து, சக்கரத்தை நிறுத்தும் கேலிப்பரில் முடித்தேன். இரண்டு முனைக்கும் புதுச் செம்பு வாஷர். இடது பக்கம் முழுக்கத் திருப்பி, வலது பக்கம் முழுக்கத் திருப்பி, கயிறு போட்டு ஃபோர்க்கை இறக்கி, ஒவ்வொரு நிலையிலும் விரலை விட்டுப் பார்த்தேன். எங்கும் இழுக்கவில்லை, எங்கும் தொடவில்லை. காலை ஒன்பதிலிருந்து பதினொன்றே கால் வரைக்கும் ஆயிற்று. மார்ச்சில் இருபது நிமிடத்தில் முடித்தேன்.

ஹோஸுக்குள் இருக்கும் காற்றை எடுக்க இன்னொரு ஆள் வேண்டும். வசந்தாமணியைக் கூப்பிட்டேன். லீவரைப் பிடித்து நின்றாள்.

"அமுத்து. அப்பிடியே புடி. ம்... விடு."

கீழே நான் ஸ்க்ரூவைத் திறந்து மூடினேன். டியூபில் பிரேக் ஆயிலோடு குமிழ் குமிழாகக் காற்று வந்தது. முதலில் அவள் கைக்கு லீவர் வெறுமனே போய்வந்தது. பத்துப் பன்னிரண்டு முறை ஆனபின் குமிழ் நின்றது. லீவர் கெட்டியானது. அவள் அதை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இத்தன கெட்டியா இருக்குதுங்களே. அன்னைக்கு அவன் கைக்கு இப்பிடி இருந்திருந்தா நின்னிருப்பானுங்களே."

"வசந்தா."

"அந்தப் பாவி கை வெளங்குமாங்க?"

"அங்கமுத்து ஒண்ணும் பண்ணலை."

அவள் புரியாமல் பார்த்தாள். நான் தரையில்தான் உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்கவில்லை. பழைய ஹோஸை எடுத்துக் காட்டினேன். தேய்ந்த இடத்தைக் காட்டினேன். டயரில் இருந்த கோட்டைக் காட்டினேன். கிளிப் போடாமல் டையால் கட்டியதைச் சொன்னேன். டை நழுவி, ஹோஸ் டயரில் பட்டு, இரண்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, அன்றைக்கு இறக்கத்தில் அழுத்தி அழுத்திப் பிடித்தபோது வெடித்திருக்கிறது என்று சொன்னேன்.

"இந்த ஹோஸ் யாரு போட்டது?" என்று கேட்டாள். தெரியாமல் கேட்கவில்லை.

"நான்."

லீவரை விட்டாள். உள்ளே போனாள். பின்னாலேயே போனேன். சமையலறையில் கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு, வெந்துகொண்டிருந்த சோற்றை வடிக்காமல் அப்படியே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருந்தாள். ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"அந்த மனுசன் மேல மண்ண வாரிப் போட்டனே. நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றுதான் இதை எழுதும்போது நினைக்கிறேன்.

ஜூன் 26, திங்கள்

எல்லாவற்றையும் சொல்லவில்லை.

காலையில் அவள் அங்கமுத்து பட்டறைக்குப் போனாள். வரட்டுமா என்றேன், வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினாள். ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை, உட்காரவில்லை. வாசற்படியிலேயே நின்று பேசினாள்.

"அவர் கால்ல விழுந்தனுங்க. எந்திரிங்கம்மா, எந்திரிங்கம்மான்னு அவரு அழுகறாரு. ஹோஸு ஒரசுதுன்னு அவருக்கு முன்னாலயே தெரியுமாமா. சனிக்கிழமையே பாத்துட்டாராமா. கழட்டி மாத்தித் தரேன் தம்பின்னு சொன்னாராமா. இவன்தான், எங்க மச்சான் போட்டதுங்க, அவரக் கேக்காம மாத்துனா வருத்தப்படுவாரு, கேட்டுக்கறேன்னு எடுத்துட்டு வந்துட்டானாமா."

நிலைக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"இதைய ஏனுங்க அன்னைக்கே சொல்லாம என்ற கையால மண்ணு வாங்கிக்கிட்டீங்கன்னு கேட்டேன். 'தம்பியப் பறிகுடுத்துட்டு நிக்கறீங்க, புருசனையும் பறிகுடுக்கோணுமாம்மா'ங்கறாரு."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப நிதானமாகக் கேட்டாள்:

"தீபன் உங்ககிட்டக் கேட்டானா?"

"கேட்டான்."

"எப்ப?"

"ஞாயித்துக்கெழம காலைல. மலையடிவாரத்துல டீக்கடைல இருந்து போன் பண்ணுனான். நீ அப்ப குளிச்சுட்டு இருந்தே."

"என்ன சொன்னீங்க?"

சொன்னேன். அவனிடம் நான் சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன். "ரிக்குக்கே ஹோஸ் போடறவன் நானு. செயினுக்கு எண்ண உடறவன் எனக்குச் சொல்லித் தர்றானா? ஒண்ணும் ஆவாது. நீ ஏறு மாப்ளே."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவன் கடைசியாப் பேசுனது சனிக்கெழம மத்தியானம் எங்கிட்டன்னு ஊரெல்லாம் சொல்லீட்டு இருக்கறேன். அதுக்கப்புறமும் அவன் பேசியிருக்கறான். அதைய எனக்குத் தராம நீங்களே வச்சிருந்திருக்கறீங்க."

ஜூன் 28, புதன்

அவள் சங்ககிரிக்கு, சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு பைதான் எடுத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவிடுகிறேன் என்றேன். ஆட்டோ வந்துவிட்டது.

ஜூலை 2, ஞாயிறு

தீபன் வண்டியை அங்கமுத்து பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஓட்டவில்லை. எதிரே டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அன்று மண் வீசியதைப் பார்த்தவர்களில் பாதிப் பேராவது அதில் இருப்பார்கள். தெருவில் நின்றபடியே சத்தமாகச் சொன்னேன். பிரேக் போனது நான் போட்ட ஹோஸால், அங்கமுத்தண்ணன் எச்சரித்தார், நான்தான் கேட்கவில்லை, பையன் செத்ததற்கு நான்தான் காரணம் என்று. குரல் நடுவில் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

"இத்தன நாள் கழிச்சு வந்து சொல்றான் பாரு" என்று ஒருவர் டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

அங்கமுத்து கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"சொல்லி முடிச்சாச்சுங்களா? உள்ள வாங்க."

"மன்னிச்சிருங்கண்ணா."

"நான் சாவியப் புடுங்கி வச்சிருக்கோணுமுங்க. அவன் சிரிச்சுட்டே கேட்டான், நானும் குடுத்துட்டேன். எனக்கும் தூக்கமில்லீங்க." ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். "அந்தம்மா நல்லா இருக்கறாங்களா?"

"சங்ககிரில இருக்குது."

வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஹேண்டிலை இந்தப் பக்கம் முழுக்கத் திருப்பினார், அந்தப் பக்கம் முழுக்கத் திருப்பினார். எடையைப் போட்டு ஃபோர்க்கை அழுத்தினார். ஹோஸ் போகும் வழி முழுவதும் கட்டைவிரலால் தடவிக்கொண்டு போய் கிளிப்பில் நிறுத்தினார்.

"இப்ப சரியாப் போகுதுங்க" என்றார்.

அந்த 'இப்ப'வை அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. சொன்னபிறகுதான் அவருக்கே தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜூலை 5, புதன்

ரிக் ஹோஸ் நாலு. ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்தேன். ரிக் முதலாளி, "என்னப்பா, இன்னைக்குள்ள முடியுமா?" என்றார்.

ஜூலை 9, ஞாயிறு

காலை ஏழே முக்காலுக்கு வசந்தாமணி போன் செய்தாள். அவள் போன பன்னிரண்டு நாளில் இதுதான் முதல் முறை. பின்னால் விசைத்தறி ஓடும் சத்தம் கேட்டது. சின்னம்மா வீட்டை ஒட்டியே தறிப்பட்டறை.

"ஏனுங்க."

"சொல்லு வசந்தா."

"அன்னைக்கு அவன் பேசுனத முழுசாச் சொல்லுங்க. நீங்க சொன்னது எனக்கு வேண்டாம். அவன் சொன்னது."

சொன்னேன். எடுத்தவுடனே 'மச்சான், எந்திரிச்சாச்சுங்களா' என்று கேட்டான். டீ நல்லாயில்லை, சக்கரைப் பாகு மாதிரி இருக்குது என்றான். மலையில் மேகம் இறங்கியிருக்குது, குளிருது, அக்கா குடுத்த ஸ்வெட்டரை எடுக்காம வந்துட்டேன் என்றான். பிறகுதான் ஹோஸைப் பற்றிக் கேட்டான். கடைசியாக, 'செரிங்க மச்சான், நீங்க சொன்னாப் போதும்' என்றான்.

"ஸ்வெட்டரப் பத்திப் பேசுனானா?"

"பேசுனான்."

"என்னையப் பத்தி வேற?"

"அக்கா எங்கன்னான். குளிக்குதுன்னேன். ராத்திரிக்குக் கூப்புடறேன்னு சொல்லுங்கன்னான்."

தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை.

"வெக்கறப்பச் சிரிச்சானா?"

"சிரிச்சான்."

"எப்பிடி?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"சிரிச்சுக் காட்டுங்க."

"வசந்தா..."

"எனக்கு அது வேணுமுங்க. சிரிச்சுக் காட்டுங்க."

கொட்டகைப் பக்கம் போய் நின்றுகொண்டு சிரித்துக் காட்டினேன். என்ன சத்தம் வந்ததோ தெரியவில்லை.

"அப்பிடி இல்லீங்க. அவனுக்கு மொதல்ல மூக்குல வரும். அப்புறம் விக்கற மாதிரி ரெண்டு தடவ நிக்கும். அதுக்கப்புறந்தான் வாயத் தொறப்பான்." சொல்லிவிட்டு, எனக்கு விளங்கட்டும் என்று அவளே சிரித்துக் காட்டினாள்.

தீபன்தான். அப்படியே தீபன்.

அதற்குப் பிறகு அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போனை அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.